வெள்ளம் வருமுன் அணை

மாசி மகத்தையொட்டி மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலிலே ஐந்து தேர்களும் வீதிவலம் வரும் நாளில் அந்நகரின் பிரதான வீதியால் நடந்து சென்றவர்களுக்குச் சனநெருக்கம் என்பது யாதென விளக்க வேண்டியதில்லை. உக்குவளை, இறத்தோட்டை முதலிய ஊர்களிலிருந்தும் மலைத்தோட்டங்களிலிருந்தும் திரண்டு வரும் அடியார் கூட்டம் அது. கூட்டம் பெரிதாயினும், வருபவர் யாவரும் வழிபடும் எண்ணத்தோடே வருகின்றனர். தரிசனம் சற்றுத் தாமதமாகலாம். எனினும் ஒவ்வொருவருக்கும் முறை வந்தே தீரும்.

இனி, வேறொரு கூட்டத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். வழிபடும் எண்ணம் எள்ளளவும் இல்லாத பதினாயிரம் பேரை யாரோ ஒருவன் கூலிக்குப் பிடித்து ஒரு கோயில் வாசலிலே கொண்டுவந்து நிறுத்திவிடுகிறான். அவர்கள் எதையும் உடைப்பதில்லை, திருடுவதில்லை, எவரையும் அடிப்பதுமில்லை. அர்ச்சனைச் சீட்டுக் கொடுக்குமிடத்திலே நின்று, “சீட்டு என்ன விலை?” என்று கேட்பதும், விடை வருமுன்னரே மீண்டும் வரிசையின் கடைசியிற் போய் நிற்பதுமே அவர்களுக்கு இடப்பட்ட வேலை. அன்றைய தினம் உண்மையான அடியார் ஒருவரேனும் உள்ளே நுழைதல் கூடுமோ? கோயில் அப்படியே இருக்கிறது, விளக்கும் எரிகிறது, ஆயினும் வழிபாடு நின்றுவிடுகிறது.

இணைய உலகிலே ‘சேவை மறுப்புத் தாக்குதல்’ எனப்படுவது இதுவே. ஓர் இணையத்தளத்தைத் தாங்கி நிற்கும் கணினியைச் சேவையகம் என்கிறோம். ஒரு செக்கனில் இத்தனை வேண்டுகோள்களுக்குத்தான் விடையளிக்க முடியும் என்று ஒவ்வொரு சேவையகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பொய் வேண்டுகோள்களைக் குவித்து அந்த எல்லையை நிரப்பிவிட்டால் மெய்யான வாசகனுக்கு விடை கிடையாது. உலகின் பல பாகங்களிலுள்ள ஆயிரக்கணக்கான கருவிகளைக் கொண்டு ஒரே வேளையில் இதனைச் செய்வது ‘பரவலாக்கிய சேவை மறுப்புத் தாக்குதல்’ எனப்படும்.

இத்தகைய வெள்ளத்தைத் தடுக்கவல்ல அணையென இக்காலத்திற் பலரும் நம்பியிருப்பது ‘உள்ளடக்க விநியோக வலையமைப்பு’ என்னும் ஏற்பாட்டையே. அது மெய்யாகவே காக்குமா? கணினி பயிலும் மாணவர் மனத்தில் எழும் இக்கேள்விக்குச் சுருக்கமான விடை இதுதான்: காக்கும், ஆனால் எல்லாவற்றையும் அன்று, நிபந்தனையின்றியும் அன்று. அந்த நிபந்தனைகள் எவையென இவ்வாரம் ஆராய்வோம். பரீட்சைப் பெறுபேறு முதல் பத்திரிகைச் செய்தி வரை யாவும் இணையத்தின் வழியே வீடு தேடி வரும் இந்நாளில் இஃது அறிஞர்க்கு மாத்திரம் உரிய ஆராய்ச்சியன்று.

சிறுமழை பெருவெள்ளமான கதை

1996ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் நியூயோர்க் நகரத்துப் பனிக்ஸ் என்னும் இணையச் சேவை நிறுவனம் பல நாட்கள் முடங்கிக் கிடந்தது. இரு கணினிகள் உரையாடத் தொடங்குமுன் மூன்று முறை வணக்கம் பரிமாறிக்கொள்வது இணையத்தின் மரபு. தாக்கியவன் முதல் வணக்கத்தை மாத்திரம் ஓயாது அனுப்பி, மறுமொழிக்கு விடையளிக்காது சேவையகத்தைக் காத்திருக்கச் செய்தான். தொலைபேசியை எடுத்து ‘ஹலோ’ என்று சொல்லிவிட்டுப் பேசாதிருக்கும் விஷமியின் செயலைப் போன்றது இது.

நமது நாடும் இவ்வகைத் தொல்லையை மிக முற்பட்டே கண்டது. வெளிநாடுகளிலிருந்த இலங்கைத் தூதரகங்களின் மின்னஞ்சற் பெட்டிகளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 மடல்கள் வீதம் இரண்டு வாரங்கள் வரை அனுப்பப்பட்டன என்றும், ‘இன்ரநெற் கரும்புலிகள்’ என்று தம்மை அழைத்துக்கொண்டோர் அதற்கு உரிமை கோரினர் என்றும் 1998ஆம் ஆண்டிற் செய்திகள் வெளியாயின. அரசியற் காரணத்துக்காக இணையத்தின் வழியே நடைபெற்ற தாக்குதல்களுள் மிகப் பழையவற்றில் ஒன்றாக இதனை ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டுவர். நாளொன்றுக்கு 800 மடல்! இன்று ஒரு சிறு கடையின் அஞ்சற் பெட்டிகூட அதைக் கண்டு கலங்காது. அன்றோ அது தூதரகங்களைத் திணறச் செய்தது.

2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் கனடாவைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவனொருவன் யாஹூ, அமேசன், ஈபே, சீ.என்.என். ஆகிய பெருந்தளங்களை அடுத்தடுத்து முடக்கினான். பெரிய நிறுவனத்தை வீழ்த்தப் பெரிய சேனை வேண்டியதில்லை என்பதை உலகம் அப்போது உணர்ந்தது.

அதன் பின்னர் வெள்ளத்தின் அளவு ஆண்டுதோறும் ஏறியே வந்திருக்கிறது. 2025 செப்டெம்பரில் கிளவுட்பிளேயர் நிறுவனம் தான் தடுத்ததாக அறிவித்த ஒரு தாக்குதல் செக்கனுக்கு 22.2 ரெராபிற் அளவை எட்டியது. ஒரு ரெராபிற் என்பது இலட்சம் கோடி பிற். செக்கனுக்கு 100 மெகாபிற் வேகமுள்ள வீட்டு இணைப்புக்கள் 222,000 ஒன்றுசேர்ந்து ஒரே கதவைத் தட்டுவதற்கு இஃது ஒப்பாகும். அத்தாக்குதல் நீடித்ததோ ஏறத்தாழ 40 செக்கன்களே.

படைவீரர் யார்?

இத்தனை பெரிய வெள்ளத்துக்கு நீர் எங்கிருந்து வருகிறது? இரு ஊற்றுக்களைக் குறிப்பிடலாம்.

முதலாவது, பிறர் பெயரிற் கடிதம் எழுதும் தந்திரம். ஒருவன் நூறு புத்தகசாலைகளுக்குத் தபாலட்டை எழுதி, “உங்களிடமுள்ள விலைப்பட்டியல் அனைத்தையும் உடனே அனுப்புக” என்று கேட்டு, அனுப்புநர் முகவரியில் தன் அயலவனுடைய முகவரியை இட்டுவிடுகிறான். சிறு அட்டைக்கு விடையாகப் பெரும் பொதிகள் அந்த அப்பாவியின் வாசலை அடைக்கும். 2018 பெப்ரவரி 28ஆம் திகதி கிட்ஹப் என்னும் மென்பொருட் களஞ்சியத்தின் மீது செக்கனுக்கு 1.35 ரெராபிற் அளவில் வந்து மோதியது இவ்வகை வெள்ளமே.

இரண்டாவது ஊற்று நமது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வாசலைக் கண்காணிக்க வாங்கிப் பொருத்தும் கமரா, இணைய இணைப்பைப் பகிரும் ரௌட்டர் முதலியனவும் சிறு கணினிகளே. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அவற்றுக்கு இடப்பட்டிருக்கும் கடவுச்சொல்லைப் பலர் மாற்றுவதில்லை. 2016ஆம் ஆண்டில் ‘மிராய்’ என்னும் தீநிரல், அத்தகைய கடவுச்சொற்கள் அறுபதுக்கும் மேற்பட்டவற்றை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தே இலட்சக்கணக்கான கருவிகளை அடிமைப்படுத்தியது. அந்தச் சேனை அவ்வாண்டு செப்டெம்பரில் அமெரிக்கப் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் என்பவரின் தளத்தைத் தாக்கியது. அக்டோபர் 21ஆம் திகதி, பெயரைக் கொண்டு தளத்தின் முகவரியைக் கண்டுபிடித்துச் சொல்லும் சேவையை நடத்திய டைன் நிறுவனத்தின் மீது இத்தகைய கருவிகளின் படையொன்று பாய்ந்தது. ருவிற்றர், நெற்பிளிக்ஸ் முதலிய தளங்களைத் தாங்கிய கணினிகள் நலமாகவே இருந்தன; ஆனால் அவற்றின் முகவரியைச் சொல்லும் புத்தகம் மூடப்பட்டமையால் அமெரிக்காவிற் பலர் அவற்றை அடைய முடியாது தவித்தனர்.

மூலவரும் உற்சவரும்

இனி, அணையின் அமைப்பைப் பார்ப்போம். 1990களில் இணையம் வளரத் தொடங்கியபோது, ஒரே தளத்தைப் பலர் ஒருங்கே நாடினால் அது தானாகவே திணறியது. இவ்விடர்ப்பாட்டைக் கணித நுட்பத்தாற் தீர்க்க முயன்றவர்கள் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ரொம் லெய்ற்றனும் அவர் மாணவர் டானியல் லெவினும் ஆவர். அவர்களது முயற்சியால் 1998இல் அகமாய் நிறுவனம் தோன்றியது. அதன் வலையமைப்பை ஆரம்ப நாட்களில் உருவாக்கியோருள் சென்னை ஐ.ஐ.டி.யிற் கல்வி பயின்ற ரமேஷ் சீதாராமனும் ஒருவர்.

அவர்கள் கண்ட வழியை நமது ஆலய மரபைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். கருவறையிலுள்ள மூலவர் இடம்பெயர்வதில்லை. உற்சவமூர்த்தியே தேரேறி வீதிக்கு வருகின்றார். நடக்க இயலாத முதியவரும் தம் வீட்டு வாசலில் நின்றவாறே தரிசனம் பெறுகின்றார். அவ்வாறே, தளத்தின் உரிமையாளர் வைத்திருப்பது மூலச் சேவையகம். அதிலுள்ள பக்கங்கள், படங்கள் முதலியவற்றின் பிரதிகள் உலகின் பல நகரங்களிலுள்ள விநியோக நிலையங்களில் வைக்கப்படுகின்றன. கிளவுட்பிளேயர் நிறுவனம் ஒன்றுக்கு மாத்திரம் கொழும்பு, சென்னை உட்பட 300க்கும் மேற்பட்ட நகரங்களில் நிலையங்கள் உள்ளன. மாத்தளையிலுள்ள வாசகர் ஒருவர் கேட்கும் பக்கம் அமெரிக்காவிலுள்ள மூலத்திலிருந்து வரவேண்டுவதில்லை. கொழும்பிலுள்ள பிரதியே வந்து சேரும்.

வேகத்துக்காகச் செய்த இவ்வேற்பாடு பாதுகாப்புக்கும் உதவியது. எங்ஙனமெனில், எல்லா நிலையங்களும் ஒரே முகவரியையே தம் முகவரியாக அறிவிக்கின்றன. பிரேசிலிலிருந்து புறப்பட்ட பொய் வேண்டுகோள் பிரேசிலுக்கு அண்மையிலுள்ள நிலையத்துக்கே போகும். வியற்னாமிலிருந்து புறப்பட்டது அதன் அயலிலுள்ள நிலையத்துக்குப் போகும். வெள்ளம் ஓரிடத்திற் குவியாது நூறு வாய்க்கால்களாகப் பிரிந்துவிடுகிறது. 1976 முதல் பொல்கொல்லை அணைக்கட்டிலே திருப்பப்படும் மகாவலி நீர், மலையைக் குடைந்த சுரங்கவழியே உக்குவளைக்கு வந்து, மின்னிலையத்தை இயக்கிவிட்டுச் சுது கங்கையில் இறங்குவதை மாத்தளை மக்கள் அறிவர். பெருநீரை எதிர்த்து நிற்பதிலும் அதைப் பிரித்து வழிநடத்துவதே அறிவு என்பது அங்கும் இங்கும் ஒன்றே.

பலன் கண்கூடு. மேலே கூறிய கிட்ஹப் தளம் 2018இல் தன்மீது வந்த பெருக்கை அகமாய் நிறுவனத்தின் பாதுகாப்பு வலையமைப்பின் பக்கம் திருப்பிவிட்டது. பத்து நிமிடங்களுக்குள் தளம் மீண்டும் இயங்கியது. 2023 ஆகஸ்டில், வேண்டுகோளை அனுப்பிய மறுகணமே அதை இரத்துச் செய்து, உடனே அடுத்ததை அனுப்பும் புதுத் தந்திரத்தாற் கூகுள் நிறுவனத்தின் மீது செக்கனுக்கு 398 மில்லியன் வேண்டுகோள்கள் பாய்ந்தன. அதனையும் அதன் பரந்த வலையமைப்புத் தாங்கிக்கொண்டது. தனியொரு சேவையகம் இவற்றுள் எதன் முன்னும் ஒரு கணமேனும் நின்றிராது.

சிகிரியா தரும் பாடம்

இத்துடன் கட்டுரையை முடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் மாத்தளை மாவட்டத்திலேயே நிற்கும் சிகிரியாக் குன்று நம்மைச் சற்றுப் பொறுக்கச் சொல்கிறது.

கி.பி. ஐந்தாம் நூற்றாண்டிலே காசியப்பன் அக்குன்றின் மீது அரண்மனை அமைத்தான். சுற்றிலும் அகழி, ஏறுவதற்கோ சிங்கத்தின் பாதங்களுக்கிடையே ஒடுங்கிய ஒரே படிவழி. அந்தக் கோட்டையை முற்றுகையிட்டு வெல்வது அரிது. ஆயினும் அவன் சகோதரன் முகலன் படையோடு வந்தபோது காசியப்பன் குன்றை விட்டிறங்கிச் சமவெளியிலே போர் புரிந்தான். சதுப்பு நிலத்தைக் கண்ட அவன் யானை விலகித் திரும்ப, அரசன் புறங்காட்டுகிறான் என்றெண்ணிச் சேனை சிதறியது. அவன் தன் கையாலேயே மாண்டான் என்று சூளவம்சம் கூறுகிறது. குன்றின் வலிமையிற் குறையில்லை. காக்கப்பட வேண்டியவன் குன்றின்மேல் இருக்கவில்லை என்பதே குறை.

விநியோக வலையமைப்பின் பின்னே இருக்கும் மூலச் சேவையகத்துக்கும் ஓர் ஐ.பி. முகவரி உண்டு. அது வெளியிற் தெரிந்துவிட்டாற் பகைவன் விநியோக நிலையங்களை நாடவே மாட்டான். நேரே மூலத்தின் மீது பாய்வான். அப்போது 300 நகரங்களிலுள்ள நிலையங்களும் வெறும் பார்வையாளர்களே. முகவரி வெளிப்படும் வழிகளோ பல. வலையமைப்பிற் சேருமுன் இருந்த பழைய பதிவுகள் இணையக் களஞ்சியங்களிற் கிடக்கும். தளமும் மின்னஞ்சலும் ஒரே கணினியிலிருந்தால், அனுப்பும் ஒவ்வொரு மடலும் முகவரியைச் சுமந்து செல்லும். கவனியாது விட்ட ஒரு கிளைத்தளம் மூலத்தை நேரே சுட்டிக்காட்டும்.

ஆகையால், வலையமைப்பிற் சேர்ந்தவுடன் மூலத்தின் முகவரியை மாற்றுதல் வேண்டும். விநியோக நிலையங்களிலிருந்து வரும் வேண்டுகோளைத் தவிர வேறெதனையும் ஏற்காதவாறு தீச்சுவர் அமைத்தல் வேண்டும். மின்னஞ்சலை வேறு கணினிக்கு மாற்றுதல் வேண்டும். இம்மூன்றையும் செய்யாதவன் கோட்டைக்கு வாடகை கொடுத்துக்கொண்டு சமவெளியிலே குடியிருப்பவனாவான்.

பிரதி செய்ய முடியாதவை

இரண்டாவது நிபந்தனை இன்னும் ஆழமானது. உற்சவர் வீதியுலா வரலாம். மூலவருக்குரிய அபிஷேகத்தை வீதியிற் செய்ய இயலாது. அவ்வாறே, எல்லார்க்கும் பொதுவான செய்திக்கட்டுரையை ஆயிரம் நகரங்களிற் பிரதி செய்து வைக்கலாம். ஆனால் ஒருவர் தமது கடவுச்சொல்லைக் கொடுத்து உள்நுழைதல், பணம் செலுத்துதல், பதிவுகளுக்குள் ஒன்றைத் தேடுதல் முதலிய கருமங்களுக்கு மூலத்தையே நாடவேண்டும். தந்திரமறிந்த பகைவன் இவ்வாசல்களையே தெரிந்தெடுத்துத் தட்டுவான். சாதாரணப் பக்கத்தின் முகவரியோடுகூட ஒவ்வொரு முறையும் ஒரு புதிய பொய்யெண்ணை ஒட்டி அனுப்பி, “இதற்குப் பிரதி இல்லையே” என்று விநியோக நிலையத்தை மயக்கி, மூலத்துக்கு ஓடச் செய்வதும் உண்டு. சிறு தூறல் போன்ற இத்தகைய தாக்குதல், பெருவெள்ளத்தைத் தாங்கிய தளத்தையும் வீழ்த்திவிடும்.

இதற்குப் பரிகாரம் மெய்யடியாரையும் கூலிக்கூட்டத்தையும் பிரித்தறிதலே. ஒரே முகவரியிலிருந்து அளவுக்கு மிஞ்சி வரும் வேண்டுகோளை மறுத்தல் ஒரு வழி. ஆனால் இங்கே நம்மவர் கவனிக்க வேண்டியதொன்று உண்டு. கைத்தொலைபேசி நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான சந்தாதாரரை ஒரே பொது முகவரியின் பின்னே வைத்திருப்பது வழக்கம். க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாளை எண்ணிப் பாருங்கள். 2024ஆம் ஆண்டுப் பரீட்சைக்கு மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்திருந்தனர். இறத்தோட்டையின் மலைத்தோட்ட வீடுகளிலே பிள்ளைகளும் பெற்றோரும் ஒரே கைத்தொலைபேசியைச் சூழ்ந்து நின்று, விடை வராவிடின் மீண்டும் மீண்டும் முயல்வர். விவேகமின்றி அமைத்த காவலுக்கு இந்த ஏக்கமும் தாக்குதலாகவே தோன்றும். ஓர் ஊர் முழுவதுக்கும் கதவு சாத்தப்படும். தாக்கியவன் செய்ய நினைத்ததைக் காவலனே செய்து கொடுத்ததாக அது முடியும்.

நல்ல பொறியியலாளர் இதனை முன்கூட்டியே எண்ணுவர். பெறுபேற்றைத் தனித்தனிச் சிறு பக்கங்களாக ஆக்கி, உரியவரைத் தவிரப் பிறர் ஊகிக்க இயலாதவாறு அவற்றின் முகவரியை அமைத்தால், தேட வேண்டிய பணி பிரதி எடுக்கும் பணியாக மாறிவிடும். குறுஞ்செய்தியின் வழியாகவும் பெறுபேற்றை அறிய இடமளிப்பது சுமையைப் பகிரும். காவலை வாங்குவது எளிது. காக்கப்படத் தக்கதாகத் தளத்தை அமைப்பதே கலை.

குடையே சரிந்தால்?

மூன்றாவது, பலரும் ஒரே குடையின் கீழ் ஒதுங்குவதால் வரும் ஆபத்து. 2021 ஜூன் 8ஆம் திகதி பாஸ்ட்லி என்னும் விநியோக நிறுவனத்தின் வலையமைப்பிலே, வாடிக்கையாளர் ஒருவர் தம் அமைப்பிற் செய்த முறையான மாற்றமொன்று, மறைந்திருந்த வழுவொன்றைத் தட்டியெழுப்பியது. பிரித்தானிய அரசாங்கத்தின் தளமும், கார்டியன், நியூயோர்க் ரைம்ஸ் முதலிய பத்திரிகைகளின் தளங்களும் ஒருங்கே மறைந்தன. 49 நிமிடங்களில் வலையமைப்பின் பெரும்பகுதி மீண்டது. 2025 நவம்பர் 18ஆம் திகதி கிளவுட்பிளேயர் வலையமைப்புச் சரிந்து, எக்ஸ், சற்ஜிபிரி முதலிய சேவைகளைப் பலர் இழந்தனர். பெருந்தாக்குதல் நடைபெறுகிறதோ என்று அந்நிறுவனத்தாரே முதலில் ஐயுற்றனர். உண்மையிலோ, பொய் வேண்டுகோளைக் கண்டறிவதற்காகத் தாமே ஆக்கிய ஒரு கோப்பு அளவுக்கு மீறிப் பெருத்தமையே காரணம். காவலுக்கு நிறுத்திய நாய் வாசலிலே படுத்துக்கொண்டு வீட்டாரையே உள்ளே விடாத கதை இது.

செலவும் ஒரு கேள்வியே. பிரையன் கிரெப்ஸின் தளத்தை அகமாய் நிறுவனம் இலவசமாகவே காத்து வந்தது. 2016இல் தாக்குதல் செக்கனுக்கு 620 கிகாபிற் அளவுக்கு உயர்ந்து, பணம் செலுத்தும் பிற வாடிக்கையாளரைப் பாதிக்கும் நிலை வந்ததும் அக்காவலை அது விலக்கிக்கொள்ள நேர்ந்தது. குற்றவாளிகளைப் பற்றி எழுதிய ஒரு பத்திரிகையாளரின் குரல் சில நாட்கள் அடங்கிக் கிடந்தது. பின்னர் கூகுளின் ‘புறொஜெக்ற் ஷீல்ட்’ என்னும் இலவசத் திட்டம் அவருக்கு இடமளித்தது. செய்தித்தளங்களுக்கும் மனித உரிமை அமைப்புக்களுக்கும் அத்திட்டம் உதவுகிறது. கிளவுட்பிளேயர் நிறுவனமும் 2014 முதல் ‘கலிலியோ’ என்னும் திட்டத்தின் வழியே இத்தகையோரைக் காக்கிறது. 2017 முதல், இலவச வாடிக்கையாளரிடமும் தாக்குதலின் அளவைப் பார்த்துக் கட்டணம் கேட்பதில்லை. சிறிய தமிழ்ப் பத்திரிகை, ஊர்ச் சங்கம், பாடசாலை, ஆலயம் ஆகியவற்றின் தளங்களை நடத்துவோர் இவற்றை அறிந்திருத்தல் நன்று. பெரியவனுக்குப் பல வாய்கள் உண்டு. சிறியவனுக்கு இருப்பது ஒரு வாய். அதையும் பொத்திவிடுவது எளிது.

வெள்ளம் வேறு, திருட்டு வேறு

அணை கட்டியவன் வீட்டுக்குப் பூட்டு வேண்டாம் என்று சொல்வதில்லை. விநியோக வலையமைப்பு வெள்ளத்துக்கு அணை. திருடனுக்குப் பூட்டு அன்று. 2021 பெப்ரவரி 6ஆம் திகதி, இலங்கைக்குரிய இணையப் பெயர்கள் சிலவற்றின் பதிவுகள் மாற்றப்பட்டு, கூகுளின் இலங்கை முகவரியை நாடியோர் வேறிடத்துக்குத் திருப்பப்பட்டனர். 2023ஆம் ஆண்டிலே இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினி முறைமை, கப்பம் கோரும் தீநிரலுக்கு இரையாகியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள், தனியே பாதுகாத்த பிரதி இன்மையால் மீளவில்லை. இவ்விரண்டையும் எந்த விநியோக வலையமைப்பும் தடுத்திராது.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்குதல் அவசியம். விநியோக நிலையங்களிலுள்ள பிரதிகள் சிலகாலம் தங்கிப் போகும் பிரதிகளே. மூலம் அழிந்தால் அவையும் அழியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறிடங்களிற் பிரதியுள்ள நூல்களை மீண்டும் வாங்கலாயிற்று. ஒற்றைப் பிரதியாக இருந்த ஏடுகள் என்றென்றைக்கும் போயின. தமிழர்க்கு இப்பாடத்தைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. தளம் நடத்துவோர் எவராயினும், தமது எழுத்து அனைத்துக்கும் இணையத்தோடு தொடர்பற்ற ஒரு பிரதியை வேறிடத்திலே வைத்திருத்தல் கடமை.

நாம் செய்யத்தக்கது

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் விடை தெளிவாகும். பெருவெள்ளத்தின் எதிரே விநியோக வலையமைப்பைப் போன்ற துணை இன்று வேறில்லை. ஆனால் மூலத்தை மறைத்துவைத்தவனுக்கே அது அரண். பிரதி செய்யத்தக்கதைப் பிரதி செய்து, மற்றதற்குத் தனிக்காவல் இட்டவனுக்கே அது பயன் தரும். அதுவும் ஒருநாள் சரியலாம் என்பதை உணர்ந்து மாற்றுவழி வைத்திருப்பவனே நிம்மதியாக உறங்குவான்.

தளம் எதுவும் நடத்தாத குடும்பங்களுக்கும் இதிற் பங்கு உண்டு. வெள்ளத்தின் துளிகள் நம் வீட்டுக் கமராவிலிருந்தும் ரௌட்டரிலிருந்தும் புறப்படக்கூடும். அவற்றோடு வந்த கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள். உற்பத்தியாளர் தரும் புதுப்பித்தல்களை ஏற்றுக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து பார்க்க வேண்டிய தேவையில்லாத கமராவை இணையத்தோடு இணையாதீர்கள். உங்கள் அயலூர்ப் பிள்ளையின் பெறுபேற்றை மறைக்கும் கூட்டத்திலே உங்கள் வாசற் கமராவும் ஒன்றாக நிற்றல் தகுமோ?

மாணவருக்கு ஒரு வார்த்தை. இத்தாக்குதலைச் சில ரூபாய்க்கு வாங்கலாம் என்றும், விளையாட்டாகச் செய்து பார்க்கலாம் என்றும் சொல்வோர் உங்கள் காதில் ஓதக்கூடும். மிராய் நிரலை ஆக்கியோருள் ஒருவர் தாம் பயின்ற பல்கலைக்கழகத்தின் வலையமைப்பையே பலமுறை முடக்கிய மாணவர். 2017 டிசெம்பரில் அமெரிக்க நீதிமன்றத்திலே அவரும் தோழர் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு நின்றதே அத்திறமையின் முடிவாயிற்று. இலங்கையிலும் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் நடைமுறையில் உண்டு; சேட்டைக்குச் செய்தேன் என்பது அதன்முன் விடையாகாது. வாசலை அடைப்பதற்கு வேண்டிய அறிவு சிறிது. அடைக்க வந்த கூட்டத்தின் நடுவே வழியமைத்து, மெய்யாக வந்த ஒருவரை உள்ளே அழைத்துச் செல்லும் அறிவே பெரிது. அதற்குரிய கல்வியை மாத்தளையிலிருந்தும் தொடங்கலாம்.